கட்டிலை இறக்கிய வழி

சித்தன் கரட்டுக்குப் பாதை போட்டவர்களில் பழனியாத்தாளும் ஒருத்தி. பாதையில் கிடக்கிற கல்லில் பாதி அவள் தலையில் ஏறி வந்ததுதான் என்று அவளுடைய நாத்தனார் சின்னத்தாயி சொல்வாள். பாதி இல்லாவிட்டாலும் கொஞ்சமில்லை. ஆள் நல்ல உயரம். சேலையை வரிந்து கட்டி, சும்மாட்டின்மேல் கல்லை ஏற்றிவிட்டால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடப்பாள். பேச்சு குறைவு. அந்த நாளில் அவளைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை.

காவிரிக்கு மேற்கே, பவானித் தாலுகாவின் வடக்கு ஓரத்தில், மலைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற இடத்தில் இருக்கிறது அந்தக் கரடு, பாறையும் முள்ளுமான ஒரு குன்று. அடிவாரத்து ஊர் ஊஞ்சக்காடு. ஊரின் நிலம் பெரும்பாலும் செங்கோட்டுக் கவுண்டருக்குச் சொந்தம். அவருடைய காட்டில் பாடுபட்டவர்கள் அவரைப் பண்ணாடி என்றார்கள். அவர்கள் குடியிருந்த இடத்துக்குக் கீழ்வளவு என்று பெயர். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, ஊர்க் கிணற்றைத் தொடக் கூடாது, கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று கீழ்வளவுக்கு இருந்த கட்டுகள் பல. பழனியாத்தாள் கருப்புசாமியைக் கட்டிக்கொண்டு இந்த வளவுக்கு வந்தவள்.

அவள் பிறந்த ஊர் ஆற்றோரத்து நாவல்துறை. மேட்டூரில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினபோது அந்த ஊர் முழுகிப் போயிற்று. காடு கழனி வைத்திருந்தவர்கள் சர்க்காரிடம் கிரயம் வாங்கிக்கொண்டு கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் போய் நெல் வயலாக வாங்கினார்கள். வளவுக்காரர்களிடம் பட்டா என்று ஒரு காகிதமும் இல்லை. தண்ணீர் வருகிறது, போய்விடுங்கள் என்று தண்டோரா போட்டதோடு சரி. அவளுடைய அண்ணன்மார் இருவரும் மலைத் தோட்டத்துக்குத் தேயிலை பறிக்கப் போனார்கள். அம்மாவை ஆற்றங்கரையில் புதைத்த இடம் தண்ணீருக்கு அடியில் போனது.

அணை நிரம்பின மறு வருஷத்திலிருந்து ஊஞ்சக்காட்டுக்கு மோட்டார் வண்டிகள் வர ஆரம்பித்தன. கரட்டின் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். கோடையில் தண்ணீர் இறங்கினால், முழுகின கோயிலின் கோபுர நுனி வெளியே தெரியும். போகிற வழியிலேயே பழைய கோட்டையின் இடிந்த வாசல் இருக்கிறது. மைசூர்ப் படை வந்து போன காலத்தது என்பார்கள். அதற்கு மேலே, முனிவர்கள் படுத்திருந்ததாகச் சொல்லப்படுகிற கற்படுக்கைக் குகை. அப்புறம் வற்றாத சுனை. உச்சியில் சித்தர் கோயில். அணையில் வேலை பார்த்த இஞ்சினீயர் துரைகள் முதலில் வந்தார்கள். பிறகு கோயமுத்தூரிலிருந்து வக்கீல்கள், வாத்தியார்கள், காலேஜ் பையன்கள். விறகுக்கும் ஆட்டுக்கும் எல்லோரும் போய் வந்த ஒற்றையடித் தடம்தான் அப்போது இருந்தது. முள் கிழித்துத் துணியெல்லாம் நூல் நூலாகி இறங்குவார்கள்.

பண்ணாடிக்கு அங்கேதான் யோசனை வந்தது. நல்ல பாதை ஒன்று போட்டுவிட்டால் துரைமார் வாயில் தன் பெயர் வரும், கலெக்டர் காதுக்குப் போகும், சர்க்காரின் வருஷப் பிறப்புக் கௌரவப் பட்டியலில் பட்டம் ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கும். கரடு சர்க்கார் காடு. அனுமதி கேட்டாரா என்று அவரிடம் கேட்பதற்கு ஊரில் ஆள் இல்லை. காரியக்காரர் பாலுசாமியைக் கூப்பிட்டு, தை அறுப்பு முடிந்ததும் கீழ்வளவு மொத்தத்தையும் கரட்டில் இறக்கச் சொன்னார்.

தையில் தொடங்கிச் சித்திரை வெயில் வரைக்கும் வேலை நடந்தது. ஆண்கள் பாறையை உடைத்தார்கள். பெண்கள் சுமந்தார்கள். இரண்டு கட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் போகலாம், அத்தனை அகலம் வேண்டும் என்று பாலுசாமி அளவு சொன்னார். பழைய தடத்தின்மேலேயே கல்லைப் பரப்பினார்கள். அடிவாரப் புளியமரத்திலிருந்து கோட்டை வாசல் வழியாக, இடிந்த மதிலை ஒட்டி, குகை தாண்டி, சுனைக்கு ஏறி, தண்ணீரைப் பார்க்கிற அகலப் பாறைக்குப் போய், அங்கிருந்து கோயிலுக்கு. சுண்ணாம்பு குழைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. சுனையில் இறங்கி மொண்டார்கள். வளவுப் பெண்கள் கை வைத்து மொண்ட தண்ணீர்தான். தீட்டு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அகலப் பாறைக்குக் கல் கொண்டு போன அன்றுதான் பழனியாத்தாள் அந்தத் தண்ணீரை முதன்முதலாகப் பார்த்தாள். நாவல்துறை எந்தப் பக்கம் என்று தேடினாள். மரம் இல்லை, மேடு இல்லை, எல்லாம் ஒரே நீலம். கருப்புசாமி பக்கத்தில் வந்து நின்று, கிழக்கால ஒரு மொட்டைக் குன்று தெரிகிறதே, அதற்கு நேர் கீழே என்று கை காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்லைப் போட்டுவிட்டு வேடிக்கை என்ன என்று கீழேயிருந்து பாலுசாமி சத்தம் போட்டார். இருவரும் இறங்கினார்கள்.

வைகாசியில் பாதையைத் திறந்தார்கள். பெரிய இஞ்சினீயர் துரையும் அவருடைய மனைவியும் வந்தார்கள். மாலை, மேளம், கற்கண்டு எல்லாம் இருந்தது. கீழ்வளவுக்காரர்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். மறுநாள் பாலுசாமி வளவுக்கு வந்தார். பாதை சுனையைத் தொட்டுக்கொண்டும் கோயில் வாசல் வழியாகவும் போகிறது, ஆகையால் இனி வளவுக்காரர் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது, விறகுக்குப் போகிறவர்களும் மேலே வருகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிறவர்களும் ஓடையில் ஏறிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடை என்பது மழைத் தண்ணீர் பாய்ந்து இறங்குகிற பள்ளம். இரண்டு ஆள் உயரப் பாறைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். பாசியும் வழுக்கலும். ஆடுகூட அதில் ஏறாது. வளவுக்காரர்களுக்கு முன்னே இருந்த ஒற்றையடித் தடம் அவர்களே சுமந்த கல்லுக்கு அடியில் போய்விட்டது. பாதை போட்டுக் கொடுத்ததற்குக் கூலியாகக் கம்பு அளந்தார்கள். இருந்த வழியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ரங்கராஜ் தன் கூட்டத்தோடு வந்தார். கோயமுத்தூரில் வக்கீல். கதர் கட்டுவார். லீவு நாட்களில் ஆட்களைத் திரட்டி மலை ஏறக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் அவருக்கு. நடந்தால்தான் நாட்டைத் தெரிந்துகொள்ள முடியும் என்பார். தீண்டாமை பாவம் என்றும் மேடையில் நன்றாகப் பேசுவார். முந்தின தடவை வந்தபோது கீழ்வளவுக்கே நடந்து வந்து, சின்னத்தாயி கையால் ஒரு வெல்லக்கட்டியை வாங்கி எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டு போனார். வளவு அதைப் பல நாள் பேசிற்று. ராத்திரி தங்கினது பண்ணாடி வீட்டில்.

இந்தத் தடவை பாறையில் உட்கார்ந்து சாப்பிடப் பெஞ்சுகள் வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். கருப்புசாமி தேக்குப் பெஞ்சு ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடையில் ஏறினான். பின்னால் விறகுக்கட்டோடு பழனியாத்தாள். முன்னே பெய்த மழையில் ஓடை முழுக்க ஈரம். சுனைக்குக் கொஞ்சம் கீழே, ஓடை பாதையை ஒட்டி வருகிற இடத்தில், அவன் கால் வழுக்கியது. பெஞ்சோடு பின்பக்கமாகக் கீழ்ப்பாறையில் விழுந்தான். பெஞ்சு அவன் இடுப்பின்மேல் விழுந்தது.

ரத்தம் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். காலை அசைக்கச் சொன்னாள். எந்தக் கால் என்று கேட்டான். கால் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவள் போட்ட சத்தத்தில் மேலேயிருந்த ஐயாசாமியும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். ஐயாசாமி கீழ்வளவு ஆள்தான். கோயில் சாவடியில் கிடந்த கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, நான்கு பேருமாகக் கருப்புசாமியை அதில் தூக்கி வைத்து, பக்கத்தில் இருந்த பாதைமேல் ஏற்றினார்கள். கீழே போகிற வழி முழுக்கத் தெரிந்தது. அகலமாக, மட்டமாக, ஓரக்கல்லுக்கு வெள்ளை அடித்து.

பாலுசாமி சுனைப் பக்கமிருந்து இறங்கி ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"அக்கட்டால எடுத்துக்கிட்டுப் போங்கடா. ஓடையில எறக்குங்க."

"கட்டில் ஓடையில எறங்காதுங்க சாமி. சாஞ்சு போயிருமுங்க" என்றான் ஐயாசாமி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாதையில தீட்டுப் பட்டா நாளைக்குப் பண்ணாடிக்கு நானாக்கும் பதில் சொல்லோணும்."

பழனியாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு உட்டுருங்க சாமி. அப்புறமேட்டு நானே வந்து சாணி போட்டுக் கழுவி உட்டர்றனுங்க."

பாலுசாமி அசையவில்லை. கட்டிலைப் பிடித்திருந்தவர்கள் தோளை மாற்றிக்கொண்டார்கள். கருப்புசாமி கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கூப்பிடு தூரத்தில், அகலப் பாறையில், இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரங்கராஜ் எழுந்து, ஈரக் கையை மேல்துண்டில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் பழனியாத்தாளுக்கு உயிர் வந்தது. வெல்லக்கட்டி வாங்கித் தின்ற மனுஷர்.

அவர் பாலுசாமியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ மெல்லப் பேசினார். பாலுசாமி தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். ரங்கராஜ் திரும்பி வந்தார்.

"அம்மணி, சண்டை போட இது நேரமில்லீங்க. மொதல்ல ஆளைக் கீழ கொண்டு போங்க. கவுண்டர்கிட்ட நான் அப்புறம் பேசறேன்."

எந்த வழியாகக் கொண்டு போவது என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் பாலுசாமி நின்ற இடத்திலேயே நின்றார், ரங்கராஜ் அவரைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பழனியாத்தாள் கட்டிலைத் திருப்பச் சொன்னாள்.

ஓடையில் அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டித்தான் இறக்க முடிந்தது. ஒவ்வொரு பாறையிலும் கட்டில் தலைகுப்புறச் சாயும். ஒவ்வொரு சாய்விலும் அவன் கத்தினான். அவள் தலைமாட்டில் பிடித்திருந்தாள். அவன் முகம் அவளுக்கு நேர் கீழே இருந்தது. பாதி தூரம் வந்ததும் கத்தல் நின்றது. வீட்டுக்கு உயிரோடுதான் கொண்டு வந்தார்கள். பவானி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டு ஐயாசாமி ஊருக்குள் போனான். வண்டி பூட்டுவதற்குள் மறுநாள் உச்சி வெயில் ஆகிவிட்டது. அதற்குள் கருப்புசாமி போய்விட்டான்.

அவள் அழவில்லை. வளவுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும் சுவரில் சாய்ந்து கல்லாக உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்து வந்த பிறகு சின்னத்தாயியிடம் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "சாணி போட்டுக் கழுவறேன்னு சொன்னனே, சின்னத்தாயி. இந்த வாயால சொன்னனே." பாலுசாமி மறித்ததைவிட, பண்ணாடி உத்தரவு போட்டதைவிட, அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததுதான் அவளை எரித்தது. தான் வைத்த கல்லில் தன் புருஷனைக் கொண்டு போவதற்குக் கும்பிட்டுக் கேட்டோமே, கேட்டும் கிடைக்காமல் திரும்பினோமே, நான்கு பேர் இருந்தோமே, ஒரு பாலுசாமியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாமே. இதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். சோறு இறங்கவில்லை. கோபம் என்பது வயிற்றுக்குள் இருக்கிற சாமான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பண்ணாடி ஒரு மூட்டை ராகியும் ஒரு வெள்ளைச் சேலையும் கொடுத்தனுப்பினார். இரண்டையும் அவளே தூக்கிக்கொண்டு போய் அவருடைய மாட்டுப்பட்டி வாசலில் போட்டுவிட்டு வந்தாள். கூப்பிட்டு விட்டார். போனாள். பட்டிக்கு வெளியே நின்றாள். உள்ளே கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பாலுசாமி.

"ராகியை எதுக்குத் திருப்பி உட்டே, பழனியாத்தா?"

"வேண்டாம்."

அந்தச் சீமையில் நாயை விரட்டினாலும் பேச்சின் வாலில் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும். வளவுக்காரர் பண்ணாடியிடம் பேசும்போது அது இரண்டு மூன்று தடவை வரும். வேண்டாமுங்க சாமி என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். வெறும் வேண்டாம் என்பதை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. காது கேட்டது சரிதானா என்பது போலப் பாலுசாமியைப் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொன்னேன். அந்த வழியில எறங்கியிருந்தா என்ற புருசன் பொழைச்சிருப்பான். அதுக்குக் கல்லு வெச்சது நானு. மறிச்சு நின்னது உன்ற ஆளு. ராகி போட்டு அடைக்கப் பாக்கறயா?"

பாலுசாமி தடியை எடுத்தார். பண்ணாடி கையமர்த்தினார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். துக்கத்தில் உளறுகிறாள், போகச் சொல்லு என்றார்.

"துக்கமில்ல. கோவம்" என்றாள் பழனியாத்தாள். சொல்லிவிட்டு அவர் போகச் சொல்வதற்கு முன்னாலேயே திரும்பி நடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கருப்புசாமியின் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரட்டுக்குப் போனாள். புளியமரத்தடியில் முதல் கல்லை நெம்பினாள். வந்தது. அதைத் தலையில் ஏற்றி, ஓடைக்குக் கொண்டுபோய், முதல் பாறைக்குக் கீழே படியாகப் போட்டாள். திரும்பி வந்து இரண்டாவது கல். பாதை நமக்கு இல்லையென்றால் கல் நம்முடையது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

கொஞ்ச நேரத்தில் சின்னத்தாயி வந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. சும்மாடு சுற்றினாள். பிறகு வளவிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள், பெண்கள் முதலில், ஐயாசாமியும் மற்ற ஆண்களும் பின்னால். வெயில் ஏறுவதற்குள் அடிவாரத்திலிருந்து கோட்டை வாசல் வரைக்கும் பாதை பெயர்ந்து மண் தெரிந்தது. ஓடையில் கீழ்ப்பக்கம் ஏறுகிற மாதிரிப் படி அமைந்தது. பாலுசாமி இரண்டு ஆட்களோடு வந்து தடியை ஓங்கினபோது, பழனியாத்தாள் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். ஓங்கின தடி இறங்கவில்லை. மறிக்கிறதற்கு இப்போது பாதை எங்கே இருக்கிறது, மறி பார்க்கலாம் என்றாள். அவர் போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

கல்லைத் திருடினார்கள், பாதையை அழித்தார்கள், கோயிலை அவமதித்தார்கள் என்று பிராது. போலீஸ் வந்து கேட்டபோது, செய்தது எல்லாம் நான் ஒருத்திதான் என்றாள். அத்தனை கல்லையும் ஒரு பொம்பளையா என்று ஏட்டு சிரித்தார். இதைவிட எச்சாகச் சுமந்துதான் பாதை போட்டேன் என்றாள் அவள். அவளை மட்டும் பிடித்துக்கொண்டு போய், பவானி கோர்ட்டில் நிறுத்தி, ஜாமீனில் விட்டார்கள்.

பண்ணாடி வளவுக்கு வேலையை நிறுத்தினார். மேய்ச்சலில் இருந்த ஆடுகளைப் பிடித்துச் சர்க்கார் பவுண்டுப் பட்டியில் அடைத்தார்கள். பசி பொறுக்காமல் ஒவ்வொரு குடும்பமாகப் போய் வாசலில் விழுந்து கும்பிட்டது. ஐயாசாமியும் விழுந்தான். குழந்தைகள் இருக்கிறதே, என்ன செய்வான் என்று சின்னத்தாயி அவனுக்காகப் பேசினாள். பழனியாத்தாள் காதில் வாங்கவில்லை. கட்டிலைப் பிடித்த கையால் எப்படிக் கும்பிட்டான் என்று கேட்டாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவனோடு அவள் பேசவில்லை. அது நியாயமில்லை என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் ரங்கராஜ் வளவுக்கு வந்தார். பீஸ் வாங்காமல் தானே அவளுக்காக வாதாடுவதாகச் சொன்னார். கவுண்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், மனசு இளகி வருகிறார், வருஷத்துக்குள் பாதையை எல்லோருக்கும் திறந்துவிடச் சம்மதிப்பார், நீ கோர்ட்டில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பெரிய காரியம் ஒன்று நடக்கப் போகிறது, அதைக் கெடுத்துவிடக் கூடாது என்றும் சொன்னார்.

"எனக்கு வக்கீல் வேண்டாமுங்க. கண்ணால பாத்தவரு வேணும். அன்னிக்கு நீங்க பாத்ததைச் சொல்லுங்க, போதும்."

அப்படிச் சாட்சி சொன்னால் கவுண்டரோடு பேச்சு முறிந்துபோகும் என்றார். முறியட்டும் என்றாள். அவர் எழுந்து போனார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அவளைக் கேட்டபோது, கல்லை நெம்பினது நிஜம் என்றாள். ஏன் என்றார். கட்டிலை மறித்ததைச் சொன்னாள். யார் பார்த்தார்கள் என்று கேட்டார். அவள் கை நீட்டிக் காட்டினாள். ரங்கராஜ் கறுப்புக் கோட்டோடு ஓரமாக நின்றிருந்தார். அவரையே கூண்டில் ஏற்றினார்கள். தான் அங்கே இருந்தது உண்மை என்றார். அந்தம்மாளுக்கும் காரியக்காரருக்கும் ஏதோ பேச்சுவார்த்தை நடந்தது, தாம் சற்றுத் தள்ளி இருந்தபடியால் யார் என்ன சொன்னார்கள் என்று திட்டமாகச் சொல்ல இயலாது என்றார்.

பழனியாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இவள் பக்கம் திரும்பவில்லை.

பாதை யாருடையது என்று மாஜிஸ்திரேட் பண்ணாடி தரப்பைக் கேட்டார். கரடு சர்க்காருடையது, பாதை போட உத்தரவு எதுவும் இல்லை என்று தெரிந்தது. திருட்டுக் கேஸ் நிற்கவில்லை. அழித்தது குற்றம்தான் என்று அபராதம் போட்டார், கட்டாவிட்டால் ஜெயில். ரங்கராஜ் சட்டைப் பையில் கை விட்டுக்கொண்டு முன்னால் வந்தார். நீங்க கட்டினா நான் ஜெயில் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன், எழுந்து போக மாட்டேன் என்று அவள் சொன்னாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் போலீஸ்காரனோடு நடந்து சப்ஜெயிலுக்குப் போனாள்.

உள்ளே இருந்த நாட்களில் காட்டிலாகா ரேஞ்சர் ஊஞ்சக்காட்டுக்கு வந்தார். உத்தரவு இல்லாமல் சர்க்கார் காட்டில் பாதை வெட்டினது, அதற்காகச் சாய்த்த மரங்கள் எல்லாவற்றையும் விசாரித்தார். பண்ணாடிமேல் நடவடிக்கை வரும் என்று பேச்சு. எப்படியோ சரிக்கட்டிக்கொண்டார். ஆனால் பாதையைக் காட்டிலாகா எடுத்துக்கொண்டது. பெயர்ந்த கல்லைத் திரும்பப் போட்டார்கள். சீட்டு வாங்கினவர் யாரானாலும் போகலாம் வரலாம் என்று அடிவாரத்தில் பலகை வைத்தார்கள். விறகுச் சீட்டு வைத்திருந்த வளவுப் பெண்களுக்கும் அது பொருந்தும் என்று காட்டுக் காவல் கார்டு வந்து சொன்னார். பாலுசாமியால் இனி யாரையும் மறிக்க முடியவில்லை.

ஜெயிலிலிருந்து வந்தவளிடம் சின்னத்தாயி இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். பழனியாத்தாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சாய்ந்த மரத்துக்காகத்தான் திறந்தார்கள், செத்த மனுஷனைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லையே என்றாள். கேட்கவில்லைதான். ரேஞ்சர் எழுதிக்கொண்டதில் வாகை இருந்தது, வேங்கை இருந்தது. கருப்புசாமி இல்லை.

பண்ணாடி காட்டுக்கு அவள் அதற்குப் பிறகு போகவில்லை. விறகு வெட்டிக் கட்டி, மேட்டூரில் அணைக்காரர் குடியிருப்புக்குச் சுமந்துபோய் விற்றாள். தினமும் நடுப்பாதையில்தான் ஏறுவாள், இறங்குவாள். எதிரே யார் வந்தாலும் ஓரம் ஒதுங்க மாட்டாள். ஊர்க்காரர்கள் இவளைக் கண்டால் முன்னாலேயே குகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அடுத்த வருஷக் கோடையில் ரங்கராஜ் காலேஜ் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் இறங்கிக் கோபுர நுனி வெளியே தெரிந்த சமயம். அகலப் பாறையில் அவர்களை உட்கார வைத்துக் கோட்டையின் கதை, அணையின் கதை எல்லாம் சொன்னார். அப்புறம் இந்தப் பாதையின் கதைக்கு வந்தார். ஒரு காலத்தில் ஹரிஜனங்கள் இதில் நடக்க முடியாது என்று இருந்தது, நாங்களெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, சட்டப்படி போராடி, இன்றைக்கு இது எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேலேயிருந்து விறகுக்கட்டோடு பழனியாத்தாள் இறங்கி வந்தாள்.

"அதோ வர்றாங்களே, அந்தம்மாதான்" என்று ரங்கராஜ் கூப்பிட்டார். ஒரு மாணவன் போட்டோ பெட்டியைத் திறந்தான். அவள் விறகைப் பாறையில் இறக்கினாள்.

"இவரு சொன்னது சரியில்லீங்க" என்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள். "என்ற புருசனைக் கட்டில்ல வெச்சு அந்த எடத்துல நின்னோம். பாலுசாமி மறிச்சாரு. இவரு இங்கதான் உக்காந்து சோறு தின்னுட்டிருந்தாரு. கையைத் தொடச்சுக்கிட்டு வந்து எங்களையத்தான் போகச் சொன்னாரு. அப்புறம் கோர்ட்டுல, காது கேக்கலைன்னு சொல்லிப்போட்டாரு. அந்த ஓடையில எறக்கினோம். எறக்கினதுல அவன் செத்துப் போயிட்டான்."

போட்டோ எடுக்க வந்த பையன் பெட்டியை மூடினான். இன்னொருவன் ரங்கராஜைப் பார்த்து, "நெசமாவே நீங்க இருந்தீங்களா சார்?" என்று கேட்டான். அன்றைய சூழ்நிலை வேறு, ஆத்திரப்பட்டால் காரியம் கெட்டிருக்கும் என்று அவர் ஆரம்பித்தார்.

அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. விறகைத் தூக்கிவிடச் சொல்லி அந்தப் பையனையே கூப்பிட்டாள். அவன் வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டான். கட்டு தலையில் சரியாக உட்கார்ந்ததும் இறங்கிப் போனாள். மேட்டூரில் பொழுது சாய்வதற்குள் விற்க வேண்டியிருந்தது.